ராமேஸ்வரம் ஸ்ட்ரிங்கர் ஒருத்தர சர்வதேச விருதுக்கு நாமினேட் பண்ணணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

டெஸ்க்_கலை:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு சின்ன தமிழ் நியூஸ் சைட்ல சப்-எடிட்டரா இருக்கேன், சைட் பேர் வேணாமே. ராமேஸ்வரத்துலேர்ந்து எங்களுக்கு எழுதுற ஸ்ட்ரிங்கர் ஒருத்தர் இருக்காரு. ஒரு நாளிதழுக்கும் பகுதி நேர நிருபர், அங்க நியூஸுக்கு இவ்ளோன்னு காசு, போட்டா உண்டு, போடலன்னா இல்ல, அந்தக் கணக்கு இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

மீனவர் கைதுன்னா நாமெல்லாம் என்ன போடுவோம், இத்தன பேரு கைது, இத்தன படகு பறிமுதல், முதல்வர் டெல்லிக்கு லெட்டர், அதோட முடிஞ்சுது. இவரு அதுக்கப்புறம் நடக்குறத ஒரு வருஷத்துக்கு மேல விடாம எழுதிட்டு வர்றாரு. இலங்கைல மன்னார் கோர்ட்ல ஒரு தேதி, ஊர்காவற்றுறை கோர்ட்ல ஒரு தேதின்னு கேஸ் எப்படி இழுக்குது, படகு ஓனர் வெளிய இருக்காரு ஆனா கூலிக்குப் போன டிரைவருக்குத்தான் ஜெயில், அரசுடமையான படகு மேல வாங்குன கடன் யார் தலைல விழுது, இப்படி. அதோட நிக்காம அந்தப் பக்கம் நம்ம விசைப்படகு வலை இழுக்குறதுல அங்க இருக்குற தமிழ் மீனவங்க வலை என்னாகுதுங்குறதையும் சேத்து எழுதுனாரு, அந்தப் பகுதிய மன்னார்ல இருக்குற ஒரு நிருபர் எடுத்துக் குடுத்தாரு. மன்னார்க்காரர் பேர நாங்க போடல, அவரே வேணாம்னுட்டாரு. இத எழுதுனதுக்கு இவருக்கு ஊர்ல திட்டு, துரோகின்னு ஹார்பர்லயே நேருக்கு நேரா சொன்னாங்களாம்.

இவர ஏதாவது ஒரு சர்வதேச ரிப்போர்ட்டிங் விருதுக்கு அனுப்பணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. ஆனா எந்த விருது, யாரு நாமினேட் பண்ணலாம், நாங்களே பண்ணலாமா இல்ல பெரிய அமைப்பு வழியாத்தான் போகணுமா, எல்லாத்தையும் இங்கிலீஷ்ல மாத்தணுமா, பீஸ் உண்டான்னு ஒண்ணுமே புரியல. எங்க சைட்ல அவரு பேரோட பைலைன் இருக்கு ஆனா நாளிதழ்ல வந்ததுல "நமது நிருபர்"னுதான் இருக்கு, அத எப்படி இவருதுன்னு காட்டுறது? இன்னொண்ணு, இவருகிட்ட சொல்லாம அனுப்பி செலக்ட் ஆனப்புறம் சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருக்கேன், ஏன்னா முன்னாடியே சொன்னா "எதுக்கும்மா இதெல்லாம்"னு தட்டிக் கழிச்சிருவாரு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

பழைய_டெஸ்க்:

கலை, நல்ல காரியம். நான் ஏஜென்சி டெஸ்க்ல ரொம்ப காலம் இருந்து ரிட்டயர் ஆனவன், நடுவுல ஒரு சர்வதேச போட்டிக்கு முதல் ரவுண்டு படிச்சுக் குடுத்திருக்கேன், எதுன்னு கேக்காதீங்க.

முதல்ல அந்த சர்ப்ரைஸ மறந்துருங்க. ஷார்ட்லிஸ்ட் வந்தா பேர், போட்டோ, ஊர் எல்லாம் அவங்க சைட்ல வந்துரும், மறுநாள் காலைல ஹார்பர்ல அவர் நிக்கணும். ஏற்கனவே துரோகின்னு சொன்ன ஆளுங்க வெளிநாட்டு விருதுன்னு கேட்டா என்ன பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். அவரு சரின்னு சொல்லணும், வீட்லயும் சொல்லணும், அப்புறம்தான் ஃபார்ம்.

எந்த விருதுங்குறது பாதி பேரு கோட்டை விடுற இடம். அமெரிக்காவோட பெரிய பத்திரிகை விருதான புலிட்சர்ல இன்டர்நேஷனல் ரிப்போர்ட்டிங்னே ஒரு பிரிவு இருக்கு, பேரப் பாத்து ஏமாந்துராதீங்க, அது அமெரிக்காவுல இருக்குற பத்திரிகை, சைட்ல வந்த வேலைக்கு மட்டும்தான். எழுதுனவரு எந்த நாட்டுக்காரரா வேணா இருக்கலாம், வெளியிட்டவங்க அங்க இருக்கணும். 75 டாலர் கட்டி என்ட்ரி அனுப்புற வேலைதான் அது, அதனால அனுப்புனவன்லாம் "புலிட்சர் நாமினி"ன்னு பயோல போட்டுக்குறான், ஃபைனலிஸ்ட்னு அறிவிச்சவங்களத் தவிர யாரும் அப்படிப் போடக் கூடாதுன்னு புலிட்சர்காரங்களே சொல்றாங்க.

யுனெஸ்கோவோட கில்லெர்மோ கானோ விருது இன்னொரு ரகம். கானோ கொலம்பியாவுல எல் எஸ்பெக்டடோர் பத்திரிகை ஆசிரியர், போதைக் கும்பல எதிர்த்து எழுதுனாரு, 1986 டிசம்பர்ல ஆபீஸ் வாசல்லயே சுட்டாங்க. 1997லேர்ந்து அவர் பேர்ல குடுக்குறாங்க, 25,000 டாலர். ஆனா அது ஒரு கட்டுரைக்கான பரிசு கிடையாது, பத்திரிகை சுதந்திரத்துக்காக நின்ன ஆளுக்கோ அமைப்புக்கோ போறது. பேர் குடுக்குறதும் உறுப்பு நாடுங்களும் இந்தத் துறைல இருக்குற சர்வதேச, பிராந்திய அமைப்புகளும்தான், தன் பேர தானே குடுத்துக்க முடியாது. உங்க சைட் அனுப்புனா ஓரமா வெச்சிருவாங்க. பிலிப்பைன்ஸ்ல குடுக்குற மகசேசே விருதும் வாழ்நாள் வேலை பாத்துக் குடுக்குறது, சாய்நாத்துக்கு 2007ல, ரவீஷ் குமாருக்கு 2019ல வந்துச்சே.

உங்க ஆளுக்குப் பொருந்துறது கர்ட் ஷோர்க் நினைவு விருது மாதிரி ஒண்ணு. ஷோர்க் ராய்ட்டர்ஸ்காரர், போஸ்னியாவுல சரயேவோ முற்றுகை நேரத்துல அங்கயே கெடந்து எழுதுனவரு, 2000 மே மாசம் சியரா லியோன்ல பதுங்கியிருந்து தாக்குனதுல செத்துட்டாரு, அதே தாக்குதல்ல ஏபி நியூஸ் ஏஜென்சி கேமராமேன் மிகெல் கில் மொரேனோவும் போயிட்டாரு. அந்த விருதுல லோக்கல் ரிப்போர்ட்டர்னு தனிப் பிரிவு, வளரும் நாட்டுல தன் ஊர்லயே இருந்து எழுதுறவங்களுக்கு. ஃப்ரீலான்ஸருக்கு ஒண்ணு. 2017லேர்ந்து ஃபிக்ஸருக்கும், அதாவது வெளியூர் நிருபருக்கு உள்ளூர்ல கூட நின்னு உதவுறவங்களுக்கும், ஒண்ணு சேத்தாங்க. 5,000 டாலர். ஜிஐஜேஎன்னு புலனாய்வுப் பத்திரிகையாளர்களோட உலக அமைப்பு குடுக்குற குளோபல் ஷைனிங் லைட் விருதும் இருக்கு, மிரட்டலுக்கு நடுவுல நடந்த புலனாய்வுக்குன்னே உள்ளது. விதிங்க வருஷா வருஷம் மாறும், இந்த வருஷம் நடத்துறாங்களா, கடைசி தேதி எதுன்னு அவங்க சைட்லயே பாத்துருங்க, வாட்ஸப் ஃபார்வர்ட நம்பாதீங்க.

இப்ப லெட்டர். முதல் ரவுண்டு படிக்கிறவன் முன்னாடி குவியல் கெடக்கும், "அஞ்சா நெஞ்சர், எளிய மக்களின் குரல்"னு ஆரம்பிச்சா அடுத்த ஃபைலுக்குப் போயிருவான், ஏன்னா அந்தக் குவியல்ல எல்லாருமே அஞ்சா நெஞ்சர்தான். இவரு எழுதுறதுக்கு முன்னாடி எது வெளிய தெரியாம இருந்துச்சு, இவரு அத எப்படித் தெரிஞ்சுக்கிட்டாரு, இது ரெண்டையும் முதல் பத்தியிலேயே போடுங்க. மேகா ராஜகோபாலன் ஞாபகம் இருக்கா, 2021 புலிட்சர், பஸ்ஃபீட் நியூஸ் சைட். சீனாவோட பைடு மேப்ல சின்ஜியாங் பக்கம் சில கட்டங்கள் வெறுமையா மறைச்சிருந்துச்சு, அந்த எடத்தையெல்லாம் வேற சாட்டிலைட் படத்துல தேடி உய்குர் முஸ்லிம்கள அடைச்சு வெக்குற 260க்கு மேல தடுப்புக் கட்டடங்களக் கண்டுபிடிச்சாங்க, கஜகஸ்தானுக்குப் போய் உள்ள இருந்து வந்தவங்ககிட்ட கேட்டு சரிபாத்தாங்க. கூட ஒரு ஆர்க்கிடெக்ட், ஒரு புரோகிராமர். பாருங்க, மூணு வரில முழு வேலையும் வந்துருச்சா, ஒரு பாராட்டு வார்த்தை கூட வேண்டியிருக்கல. உங்க ஆளுக்கும் அந்த மூணு வரி இருக்கும், கோர்ட் தேதிய எப்படி ஃபாலோ பண்ணாரு, கடன் பத்திரத்த யாருகிட்ட வாங்குனாரு, அதக் கேட்டு எழுதுங்க.

"நமது நிருபர்" விஷயத்துக்கு நாளிதழ் எடிட்டர்கிட்ட லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் வாங்கணும், இன்ன தேதி இன்ன பக்கம் இவரு எழுதுனதுன்னு. மாவட்டப் பதிப்புல மட்டும் வந்திருந்தா ஈ-பேப்பர் கொஞ்ச நாள்ல காணாமப் போயிரும், இன்னைக்கே இறக்கி வெச்சுக்கங்க. எடிட்டர் குடுக்க மாட்டேன்னா விட்ருங்க, உங்க சைட்ல வந்தத மட்டும் அனுப்புங்க, அதுவே போதும்.

---

ஊர்வம்பு:

எதுக்கு இந்த வேல? லண்டன்ல நியூயார்க்ல உக்காந்துக்கிட்டு எவனோ நாலு பேரு நம்ம ஆளு நல்லா எழுதுறான்னு சர்டிபிகேட் குடுக்கணுமா. யாருக்கு கிடைக்குதுன்னு பாருங்க, இங்கிலீஷ்ல எழுதுறவனுக்கு, டெல்லி மும்பைல கான்டாக்ட் இருக்குறவனுக்கு. சத்தீஸ்கர்ல பஸ்தர் எடுத்துக்கங்க, அங்கேர்ந்து எழுதுன மாலினி சுப்பிரமணியத்துக்கு 2016ல சிபிஜேன்னு பத்திரிகையாளர் பாதுகாப்புக்கான அமைப்பு விருது குடுத்தாங்க, அவங்க வேலைய நான் குறை சொல்லல, வீட்ட விட்டே தொரத்துனாங்க அவங்கள. ஆனா அதே பஸ்தர்ல இந்தி பேப்பருக்கு எழுதுன சந்தோஷ் யாதவ், சோமாரு நாக் ரெண்டு பேரும் 2015லயே ஜெயிலுக்குப் போனவங்க, இங்க எத்தன பேருக்கு அந்தப் பேரு தெரியும்? விருதுங்குறது ஏற்கனவே வெளிச்சத்துல இருக்குறவன் மேல இன்னொரு லைட் அடிக்கிறது, அவ்ளோதான். அந்த ராமேஸ்வரத்துக்காரருக்கு நீங்க நெஜமாவே நல்லது பண்ணணும்னா மாசச் சம்பளம் போட்டுக் குடுங்க, ஒரு இன்சூரன்ஸ் எடுத்துக் குடுங்க.

---

பழைய_டெஸ்க்:

தம்பி சம்பளம் பத்தி சொன்னதுல ஒரு எழுத்து கூட மறுக்க மாட்டேன். ஆனா சந்தோஷ் யாதவ், சோமாரு நாக் பேரு உங்களுக்கே எப்படித் தெரியும்? மாலினி மாதிரி ஆளுங்க இங்கிலீஷ்ல எழுதுனதுனால, சிபிஜே மாதிரி அமைப்புங்க திரும்பத் திரும்ப கேட்டதுனால. அப்போ வெளிச்சம் ஒரு ஆளோட நிக்கலன்னுதானே அர்த்தம்.

உள்ளூர்க்காரன் பேரு வராமப் போறது பழைய கதை, ஒத்துக்குறேன். 1975ல கம்போடியா கெமர் ரூஜ் படை கைல விழுந்தப்ப நியூயார்க் டைம்ஸ் சிட்னி ஷான்பெர்க் கூட நின்னவரு டித் பிரான், அவரு இல்லன்னா ஷான்பெர்க் உயிரோட வந்திருக்கவே மாட்டாரு. 76ல புலிட்சர் ஷான்பெர்க் பேருக்குத்தான் வந்துச்சு, அவரு என் சார்பாவும் பிரான் சார்பாவும் வாங்கிக்கிறேன்னாரு, அந்த நேரம் பிரான் கெமர் ரூஜ் கைல வயல்ல கெடந்தாரு, 79லதான் தப்பிச்சு தாய்லாந்து வந்து சேந்தாரு. இத 2016ஓட வெச்சுப் பாருங்க. தாய்லாந்து மீன்பிடிக் கப்பல்ல அடிமையா வேலை பாத்தவங்களப் பத்தி ஏபி எழுதுச்சே, இந்தோனேசியாவுல பெஞ்சினா தீவுல கூண்டுக்குள்ள ஆளுங்கள வெச்சிருந்தாங்க, கடைசில 2,000 பேருக்கு மேல விடுதலையானாங்க. அதுக்கு வந்த புலிட்சர் ஏபி பேருக்குத்தான், ஆனா அத எழுதுன நாலு பேர்ல ஒருத்தர் எஸ்தர் டூசான், மியன்மார்ல கச்சின் பக்கத்துப் பொண்ணு, யாங்கூன் நிருபர். சார்பாவெல்லாம் இல்ல, பைலைன்லயே நேரடியா பேரு. மாறுது, மெதுவா மாறுது. நம்ம பக்கத்துலேர்ந்து ஃபார்ம் நிரப்புறதுக்கு ஆள் இல்லன்னா அது கூட மாறாது.

---

வடமராட்சியான்:

கலை தங்கச்சி, நான் இப்ப ரொறொன்ரோவில இருக்கிறன், முந்தி யாழ்ப்பாணத்தில பத்திரிகையில வேலை செய்தனான். எல்லாரும் ராமேஸ்வரத்து ஆளைப் பற்றித்தான் கதைக்கிறியள், எனக்கு யோசனை மன்னார்க்காரரைப் பற்றி. அவரிட்டை கேட்டனீங்களோ? அவர் பேர் வேண்டாம் எண்டு சொன்னது உங்கட சைட்டுக்கு. விருதுக்கு அனுப்பிறதெண்டால் அது திரும்பவும் தனியாக் கேக்கவேண்டிய விசயம். அவரிட்டைக் கேக்காமல் "எமது மன்னார் நிருபரின் உதவியுடன்" எண்டு லெட்டரில ஒரு வரி போட்டாலே போதும், மன்னாரில எத்தினை நிருபர்மார் இருக்கினம், ஆர் எண்டு கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் காணும்.

எங்கட பக்கத்தில விருது எண்டால் என்ன எண்டு சொல்லுறன். நிமலராஜன், பிபிசி தமிழோசைக்கும் வீரகேசரிக்கும் ராவயவுக்கும் யாழ்ப்பாணத்திலயிருந்து செய்தி குடுத்தவர். 2000 ஒக்ரோபர் 19, ஊரடங்கு நேரம், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள அவற்ற வீட்டிலயே சுட்டவங்கள், போகேக்க கைக்குண்டும் எறிஞ்சவங்கள். 2004ல மட்டக்களப்பில நடேசன் அண்ணை. 2005ல சிவராம், ரண்டு பேரும் கொல்லப்பட்ட பத்திரிகைக்காரர். இதுக்குள்ள 2006ஐ நான் சாகும்மட்டும் மறக்கமாட்டன். அந்த வருசம் யுனெஸ்கோவின்ரை உலகப் பத்திரிகைச் சுதந்திர தினக் கூட்டம் நடந்தது கொழும்பில. பழைய டெஸ்க் ஐயா சொன்ன அந்தக் கானோ விருதை லெபனானில குண்டுவெடிப்பில காலும் கையும் இழந்த மே சிதியாக்குக்கு கொழும்பில வைச்சுத்தான் குடுத்தவை. வெளிநாட்டுக்காரர் எல்லாம் கொழும்பில நிக்கேக்க, மே 2 பின்னேரம், யாழ்ப்பாணத்தில உதயன் பத்திரிகைக் கந்தோருக்குள்ள பூந்து சுட்டு ரண்டு பேரைக் கொலை செய்தவங்கள். விருது குடுக்கிற நாட்டிலயே அந்தக் கிழமையிலயே நடந்தது.

அதுக்காக விருது வேண்டாம் எண்டு சொல்லேல்லை. திசநாயகத்தைப் பாருங்கோ. 2006ல நோர்த் ஈஸ்டேர்ன் மன்த்லி எண்ட சஞ்சிகையில எழுதின கட்டுரையளுக்காக 2008 மார்ச்சில பிடிச்சு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில வழக்குப் போட்டு, 2009 ஓகஸ்ட் 31 இருவது வருசக் கடூழியச் சிறை எண்டு தீர்ப்பு. அந்த வருசம் மே மாசத்துப் பத்திரிகைச் சுதந்திர தின அறிக்கையில ஒபாமா அவற்ற பேரைச் சொன்னவர். பீற்றர் மக்லர் விருதின்ரை முதல் ஆள் அவர்தான், அதே வருசம் சிபிஜே விருதும். 2010 ஜனவரியில பிணை, மே 3 மன்னிப்பு எண்டு அறிவிச்சவை. விருதாலதான் விட்டவங்கள் எண்டு ஆரும் நிரூபிக்கேலாது, ஆனால் ஆள் உள்ளுக்க இருக்கேக்க அவற்ற பேரை வெளியில சொல்லிக்கொண்டே இருந்தது அந்த விருதுகள்தான். மியன்மாரில இன் டின் எண்ட ஊரில ரோஹிங்யா ஆக்களைக் கொலை செய்ததை எழுதின வா லோன், கியாவ் சோ ஊ ரண்டு பேரும் அப்பிடித்தானே, 511 நாள் உள்ளுக்க, புலிட்சரும் யுனெஸ்கோ விருதும் 2019ல அவையள் மறியலில இருக்கேக்கையே வந்தது, மே 7 வெளியில வந்தவை.

கொழும்பு சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவுக்கு 2009ல யுனெஸ்கோ விருது குடுத்தவை, டோஹாவில. ஆளை ஜனவரி 8இலயே கொலை செய்துபோட்டாங்கள். பேசாமல் இருக்கிறதை விட அது நல்லம்தான், எண்டாலும் நான் சொல்ல வாறது, உயிரோட இருக்கிற ஆளுக்கு, இப்ப, அவருக்குப் பிரச்சினை வாறதுக்கு முன்னம் அனுப்புறது பெரிய விசயம். திசநாயகம் கொழும்பில இருந்து இங்கிலிசில எழுதினவர், உலகத்துக்கு உடனை விளங்கினது. தமிழில மட்டும் எழுதிற மாவட்ட நிருபருக்கு அந்த வசதி இல்லை, நீங்கள் மொழிபெயர்த்துக் குடுத்தால்தான் உண்டு. அனுப்புங்கோ. ஆனால் மன்னார்ப் பெடியன்ரை பேர் அந்த ஃபார்மில எங்கயும் வரக்கூடாது, அவர் வாயால ஓம் எண்டு சொல்லும்வரைக்கும்.

---

இருமொழிக்காரி:

டிரான்ஸ்லேஷன் பத்தி நான் சொல்றேன், சில என்ட்ரிகளுக்கு செஞ்சு குடுத்திருக்கேன்.

கலை, எல்லாத்தையும் மாத்தாதீங்க, தொடர்ல ரொம்ப கனமான மூணு கட்டுரை எடுத்தா போதும். மெஷின்ல போட்டு அப்படியே அனுப்பிராதீங்க, அது கோர்ட் விவரத்துல கண்டிப்பா கவுத்துரும், யாரு குற்றவாளி யாரு சாட்சின்னே மாறிப் போன டிராஃப்ட்லாம் பாத்திருக்கேன். அதே சமயம் டிரான்ஸ்லேட்டர் ரொம்ப கெட்டிக்காரியா இருந்தாலும் பிரச்சனை. ஒரிஜினல்ல இல்லாத அலங்காரம், இல்லாத ஓப்பனிங் சீன் எல்லாம் சேத்து மெருகேத்திக் குடுப்பாங்க. அது கட்டுரைய மாத்தி எழுதுறது, யாராவது தமிழ் தெரிஞ்சவங்க ஒப்பிட்டுப் பாத்தா அசிங்கமாயிரும், பழி அந்த ராமேஸ்வரத்துக்காரர் மேலதான் வரும். பத்திக்குப் பத்தி ஒத்துப் போகணும், பக்கத்துலயே தமிழ் பிடிஎஃப் வையுங்க, யாரு டிரான்ஸ்லேட் பண்ணதுன்னு பேர் போடுங்க.

ஜட்ஜுக்கு ராமேஸ்வரம் எது மன்னார் எதுன்னு தெரியாது, நடுவுல எவ்ளோ கம்மி தூரம்னும் தெரியாது. கட்டுரைக்குள்ள கை வெக்காம தனியா அரைப் பக்கம் பின்னணி குடுங்க, 1974, 76 ஒப்பந்தங்கள்ல கடல் எல்லை போட்டது, இலங்கை 2017ல இழுவை வலைய தடை பண்ணது, 2018ல வெளிநாட்டுப் படகுக்கு அபராதத்த பல மடங்கு ஏத்துனது, இவ்ளோ போதும். ஒரு சின்ன மேப். கச்சத்தீவு அரசியல அதுல இழுக்காதீங்க, அது ஆரம்பிச்சா அரைப் பக்கம் ஆறு பக்கம் ஆகும்.

---

ஆடிட்டர்_மதுரை:

யாரும் சொல்லலையேன்னு எழுதுறேன். பணம் வந்தா என்னன்னு யோசிச்சீங்களா? எஃப்சிஆர்ஏன்னு வெளிநாட்டுப் பணம் வாங்குறத ஒழுங்குபடுத்துற 2010 சட்டம் பிரிவு 3ல, வெளிநாட்டுப் பங்களிப்பு வாங்கக் கூடாதவங்க லிஸ்ட்ல அரசியல் கட்சி, தேர்தல் வேட்பாளர் வரிசையிலேயே பதிவு பெற்ற பத்திரிகையோட நிருபர், கட்டுரையாளர், கார்ட்டூனிஸ்ட், எடிட்டர், ஓனர் எல்லாம் வர்றாங்க. அடுத்த பிரிவுல விலக்கு இருக்கு, சம்பளம், சொந்தக்காரங்க குடுக்குறது, ஸ்காலர்ஷிப் ஸ்டைபெண்ட்னு, ஆனா விருதுத் தொகைன்னு பளிச்சுன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஐநாவும் அதோட சிறப்பு அமைப்புகளும் வெளிநாட்டு மூலம்ங்குற வரையறைக்குள்ள வராது, அதனால யுனெஸ்கோன்னா கதை வேற, தனியார் அறக்கட்டளைன்னா வேற. உங்க ஆளு நாளிதழ்ல பகுதி நேரம்னு சொல்றீங்க, அப்போ இது அவருக்கு நேராவே பொருந்தலாம். பயமுறுத்தல, நிறைய பேரு வாங்கியிருக்காங்க, ஆனா செக் வந்தப்புறம் ஓடாம முன்னாடியே இந்த சட்டம் பாக்குற ஒரு வக்கீல்கிட்ட எழுத்துல கருத்து வாங்கி வெச்சுக்கங்க. வருமான வரியும் தனியா இருக்கு, அது சின்ன விஷயம்.

---

ஊர்வம்பு:

பாத்தீங்களா, விருது வாங்குறதுக்கு வக்கீல் ஃபீஸ். நல்லா இருக்கு 😀 அது மட்டுமா, காஷ்மீர் போட்டோகிராபர் சன்னா இர்ஷாத் மட்டூ, 2022 புலிட்சர் டீம்ல ஒருத்தங்க, கொரோனா படங்களுக்கு, செத்துப் போன டேனிஷ் சித்திக்கியோட சேத்து. விருது வாங்க கெளம்புன ஆள டெல்லி ஏர்போர்ட்லயே நிறுத்திட்டாங்க, கைல விசா டிக்கெட் எல்லாம் இருந்தும். உங்காளுக்கு பாஸ்போர்ட்டாவது இருக்கா?

---

டெஸ்க்_கலை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு நெனைக்கல. நேத்து அவருகிட்ட பேசிட்டேன். எதிர்பாத்த மாதிரியே "எதுக்கும்மா"ன்னாரு, அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு அவரே கூப்ட்டு மன்னார்க்காரருக்கும் பாதி கிடைக்கும்னா அனுப்புங்க, எனக்கு மட்டும்னா வேணாங்குறாரு. வடமராட்சியான் அண்ணா சொன்னத அப்படியே அவருகிட்ட சொன்னேன், மன்னார்க்காரர்கிட்ட அவரே பேசிட்டு சொல்றேன்னாரு, போன்ல வேணாம் நேர்ல போற ஆள் மூலமா கேக்குறேன்னாரு. பாஸ்போர்ட் இல்ல ஊர்வம்பு சார், நீங்க கேட்டதுக்கப்புறம்தான் அப்ளை பண்ணச் சொல்லியிருக்கேன். சம்பளம் விஷயத்த எங்க எடிட்டர்கிட்ட பேசுனேன், பதில் வரல.

இப்ப சந்தேகம் என்னன்னா, மன்னார்க்காரர் பேரு வேணாம் ஆனா பங்கு உண்டுன்னு சொன்னா என்ட்ரி எப்படி போடுறது? ஒருத்தர் பேர்ல மட்டும் போட்டா அது பொய் ஆயிராதா? பரிந்துரைக் கடிதம் இன்னும் யாருகிட்ட வாங்கலாம்? மீனவர் சங்கத் தலைவர் ஒருத்தர் தர்றேங்குறாரு.

---

பழைய_டெஸ்க்:

சங்கத் தலைவர்கிட்ட வாங்காதீங்க. நல்ல மனுஷனாவே இருக்கட்டும், கட்டுரைல அவரும் ஒரு தரப்பு, நாளைக்கு அதே கடிதத்த காட்டி உங்க ஆளு சங்கத்துக்காரன்னு சொல்லிருவாங்க. கைதானவங்களுக்காக கோர்ட்ல நிக்குற வக்கீல் யாராவது, கடல் விஷயம் படிச்ச ஒரு பேராசிரியர், இல்லன்னா இவரு வேலைய எடுத்து எழுதுன வேற பத்திரிகைக்காரர், இந்த மாதிரி ஆள் ஒருத்தர் ரெண்டு பேரு போதும். கடிதத்துல இவரு கட்டுரைலேர்ந்து அவங்களுக்கு புதுசா தெரிஞ்ச ஒரு விஷயத்த எழுதச் சொல்லுங்க, குணநலன் சான்றிதழ் வேணாம்.

ரெண்டு பேர் விஷயம்: ஃபார்ம் நிரப்புறதுக்கு முன்னாடி விருது நடத்துறவங்களுக்கே ஒரு மெயில் போடுங்க, கூட வேலை பாத்தவர் ஒருத்தர் இருக்காரு, பாதுகாப்புக் காரணத்துக்காக பேர் வெளியிட முடியாது, இத எப்படிப் பதியலாம்னு. மெயில்ல ஊர் பேரும் போடாதீங்க. இது அவங்களுக்கு புதுசு இல்ல, ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி வழி வெச்சிருப்பாங்க, முடியாதுன்னா அதையும் சொல்லிருவாங்க, அப்போ வேற விருது பாக்கலாம். பேர் போடாத இன்னொருத்தரோட வேலை இதுல இருக்குன்னு கடிதத்துல ஒரு வரி, எந்தப் பகுதி அவரதுன்னு அடையாளம் தெரியாத மாதிரி, அது மன்னார்க்காரர் சம்மதிச்சா மட்டும்.

---

வடமராட்சியான்:

ஓம், அதுதான் சரி. ஒரு விசயம், நேர்ல போற ஆள் ஆர் எண்டு இஞ்ச எழுதிப்போடாதேங்கோ. உங்கட முதல் போஸ்ற்றில "மன்னார்" எண்டு இருக்கிறதையும் மாத்தி விடுங்கோ தங்கச்சி, "வடக்கு" எண்டு போட்டால் காணும், நாங்களும் எங்கட பதிலுகளை மாத்திறம்.

---

டெஸ்க்_கலை:

ஐயோ ஆமாண்ணா. எடிட் பட்டன் வரல எனக்கு, அட்மின் யாராவது பாத்தா ராமேஸ்வரம், மன்னார் ரெண்டையும் எடுத்துருங்க, டைட்டில்லயும். தனியா மெசேஜும் போட்டிருக்கேன்.